தூங்காமல் ஏறாதீர்கள் பர்வதமலை!

பௌர்ணமி சனி, ஞாயிறில் வந்துவிட்டால் ஓசூர் சிப்காட் பக்கம் வாடகைக்கு வேன் கிடைப்பது கஷ்டம். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு ஏறுகிறவர்கள் வேனுக்குள்ளேயே வேட்டிக்கு மாறுகிறார்கள். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் எனப் பறந்து பர்வதமலை அடிவாரமான தென்மாதிமங்கலத்தில் இறங்குகிறார்கள். இரவோடு இரவாக ஏறினாலும் சரி, விடியட்டும் என்று காத்திருந்தாலும் சரி, தூக்கம் மட்டும் கிடையாது.

மலையின் உயரம் 4,560 அடி. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். சுவாமியை நாமே தொட்டு அபிஷேகம் செய்யலாம் என்பதற்காகவே வருகிறவர்கள் ஏராளம். படிக்கட்டும் கரடுமுரடான பாதையும் முடிந்து, கால் சோர்ந்த பிறகுதான் கடப்பாரைப் படி வருகிறது. செங்குத்துப் பாறையில் அடித்திறக்கிய இரும்புக் கடப்பாரைகள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பல்லாயிரம் கை பட்டு வழவழத்த இரும்பு, வியர்த்த உள்ளங்கையில் நிற்காது. ஆலையில் ஆறடி ஏணிக்கே சேஃப்டி பெல்ட் மாட்டுகிறவர், இங்கே தோளில் பால் பாக்கெட் பையோடு தொங்குகிறார்!

பாறை சுடுவதற்குள் ஏறிவிட வேண்டும், அதற்காகத்தான் இரவுப் பயணம் என்கிறார்கள் பக்தர்கள். நியாயம்தான். ஆனால் முந்தைய இரவு மெஷின் முன் நின்ற உடம்புக்கு அந்த நியாயம் தெரியாது.

சங்க காலத்திலேயே இந்த மலைக்கு வழிகாட்டி எழுதிவிட்டார்கள். பத்துப்பாட்டின் மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுதான் என்பார்கள். செங்கத்து மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு, உருளும் கல், வழுக்கும் பாறை, பாம்பு என ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார் புலவர் பெருங்கௌசிகனார். இருட்டினால் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் குகைக்குள் போய்த் தங்குங்கள், விடிந்ததும் நடங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். பரிசில் வாங்கப் போனவர்களுக்கே ஓய்வு சொன்னார் மனிதர்.

என் பெரிய பயம் மலைகூட அல்ல, இறங்கிய பிறகு. திங்கள் காலை முதல் ஷிஃப்டைப் பிடிக்கிற அவசரத்தில் வண்டி திரும்புகிறது. உள்ளே அத்தனை பேரும் உறக்கம். ஸ்டியரிங்கில் இருப்பவரும் நேற்றிரவு முழுக்க விழித்தவர்தான்.

தொழிற்சங்கத்துக்காரர்களே, கேன்டீன் சாப்பாட்டுக்கு மனுக் கொடுக்கும்போது, மலைக்குப் போகிறவர்களுக்கு முதல்நாள் இரவு ஷிஃப்டை மாற்றித் தரும்படியும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். வேன் பேசுகிறவர்கள் இன்னொரு டிரைவருக்கும் சேர்த்துப் பணம் போடுங்கள்.