பத்திரிகை, பணம், பதவி: லண்டன் நாவல்கள் சொன்னதும் சொல்லாததும்

ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ரூட்டிங் பகுதிகளில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருட்கடைகளுக்குள் நுழைந்தோர், பொன்னெழுத்துப் பதித்த தடித்த ஆங்கில நாவல்கள் அங்கு வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். சில்லறைக் காசுக்கு விலைபோகும் இந்நூல்களை எம்மவரிற் பலர் ஆங்கிலம் பழகும் நோக்கத்துடனேயே வாங்குகின்றனர். பாராளுமன்றச் சூழ்ச்சி, பங்குச் சந்தை மோசடி, இடையில் ஒரு கொலை, இவற்றைத் துருவித் துருவி ஆராயும் ஒரு பத்திரிகையாளர் என்ற வாய்பாட்டில் அமைந்த இக்கதைகளை உயர்ந்த இலக்கியமெனக் கொள்வோர் சிலரே. நாமும் அவ்வாறு கொள்ளவில்லை. ஆயினும் இந்நகரில் பணமும் அதிகாரமும் பத்திரிகையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து கிடக்கும் விதத்தை அறிய விரும்பும் அகதி ஒருவருக்கு இவை பயனற்றவை அல்ல. கதை எங்கே முடிந்து உண்மை எங்கே தொடங்குகின்றது என்பதை மட்டும் அவர் அறிந்திருத்தல் வேண்டும்.

அவற்றுள் ஒன்று ஓர் அகதியின் கதை. 1996 இல் வெளிவந்த ஜெஃப்ரி ஆர்ச்சரின் 'த ஃபோர்த் எஸ்டேட்' என்னும் நாவலில் லுப்ஜி ஹொக் என்ற ஏழை யூதச் சிறுவன் நாசிகளிடமிருந்து தப்பி பிரித்தானியா வந்து, ரிச்சர்ட் ஆம்ஸ்ரோங் என்று பெயர் மாற்றிக்கொண்டு, பெரும் பத்திரிகை அதிபராகின்றான். வாசிப்போர் எவருக்கும் இப்பாத்திரம் ரொபேட் மக்ஸ்வெல் என்பது முதற் சில பக்கங்களிலேயே விளங்கிவிடும். மக்ஸ்வெலின் இயற்பெயரும் ஹொக் என்பதே. 1923 இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் கிழக்குக் கோடியில், இன்று உக்ரெயினுக்குள் அடங்கும் சிற்றூரொன்றில் பிறந்தவர் அவர். 1940 இல் இந்நாட்டை வந்தடைந்தார். ஊரிலிருந்த குடும்பத்தவரிற் பெரும்பாலோர் நாசிகளால் அழிக்கப்பட்டனர். பிரித்தானிய இராணுவத்திற் சேர்ந்து 1945 இல் வீரத்துக்கான பதக்கம் பெற்றார். விஞ்ஞான சஞ்சிகைகளை வெளியிடும் பேகமன் நிறுவனத்தை வளர்த்தார். 1964 முதல் 1970 வரை தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1984 இல் 113 மில்லியன் பவுண் கொடுத்து 'டெய்லி மிரர்' குழுமத்தை வாங்கினார். 1991 நவம்பர் 5 ஆம் திகதி கனேரித் தீவுகளுக்கு அருகே தமது உல்லாசப் படகிலிருந்து கடலில் வீழ்ந்து மாண்டார்.

அவர் இறந்து சில வாரங்களுக்குள் வெளிப்பட்ட செய்தியே மிரர் ஊழியரின் அடிவயிற்றைக் கலக்கியது. அவர்களது ஓய்வூதிய நிதியத்திலிருந்து நானூறு மில்லியன் பவுணுக்கு மேல் காணாமற் போயிருந்தது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 32,000 பேர். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை எமது வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். ஊரார் பத்திரமாக வைத்திருக்கும்படி ஒருவரிடம் ஒப்படைத்த நகைகளை, அவர் தமது கடனுக்காகக் கடையில் அடைவு வைத்தால் என்னவோ, அதுவே இங்கும் நடந்தது. ஓய்வூதிய நிதியம் வாங்கி வைத்திருந்த பங்குகள் மக்ஸ்வெலின் சொந்தக் கம்பெனிகளுக்கு 'இரவலாக' மாற்றப்பட்டன. அக்கம்பெனிகள் அவற்றை வங்கிகளிடம் பிணையாக வைத்துக் கடன் பெற்றன. அவரது கம்பெனிப் பங்குகளின் விலை சரியாமல் முட்டுக்கொடுப்பதற்கும் பணம் இரகசியமாகப் பயன்பட்டது. விலை சரிந்தால் வங்கிகள் மேலும் பிணை கேட்கும். பிணைக்கு மேலும் நகை வேண்டும். வட்டம் இவ்வாறே சுழன்றது.

இதனை எவருமே முன்னர் ஐயுறவில்லையா? 1971 இலேயே அரசு நியமித்த விசாரணையாளர்கள், பொதுமக்கள் பங்கு கொண்ட கம்பெனியொன்றை நிர்வகிக்க இவர் நம்பத்தக்கவர் அல்லர் என எழுத்தில் முடிவுரைத்திருந்தனர். அம்முடிவை அறிந்த பின்னரும் வங்கிகள் கடன் கொடுத்தன. பத்திரிகைகளோ பெரும்பாலும் வாய்மூடியிருந்தன. காரணம் மானநட்டச் சட்டம். எழுதப்பட்டது உண்மை என்று நிரூபிக்கும் பாரம் வெளியிட்டவர் மீதே விழும் நாடு இது. வழக்குச் செலவு சிறு பத்திரிகையொன்றை மூடச் செய்யப் போதுமானது. பிரபுப் பட்டத்தை நாடித் தொழிற்கட்சித் தலைவரின் பயணச் செலவை ஏற்றார் என்று எழுதிய 'பிரைவேட் ஐ' அங்கதச் சஞ்சிகையிடமிருந்து 1986 இல் மக்ஸ்வெல் 55,000 பவுண் நட்டஈடு பெற்றார். 1988 இல் ரொம் பௌவர் என்ற பத்திரிகையாளர் இவரது வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோதும் வழக்குகள் பாய்ந்தன. அதிபரே சொந்தப் பத்திரிகைகள் வைத்திருக்கையில் ஊழியர் எழுதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாவல் துணிந்து பேசியது என்று கூறத் தோன்றும். தேதிகளை நோக்குவோர் அவ்வாறு கூறார். ஆர்ச்சரின் நாவல் வந்தது மக்ஸ்வெல் மாண்டு ஐந்தாண்டுகளின் பின்னரே. இறந்தவர் சார்பில் இங்கு மானநட்ட வழக்குத் தொடர இயலாது. இதே நாவலில் அவுஸ்திரேலியப் பத்திரிகை அதிபர் ஒருவரும் வருகின்றார். ரூபேட் மேர்டொக்கை நினைவூட்டும் அப்பாத்திரத்தைத் தீட்டுகையில் ஆசிரியரின் தூரிகை சற்று மென்மையாகவே நகர்வதாக எமக்குப் படுகின்றது. அவர் உயிருடன் இருந்தவர் அல்லவா!

நாவல் சொல்லாத இன்னொன்றும் உண்டு. கதை இரு தனிமனிதரின் போட்டியாகவே நடத்தப்படுகின்றது. ஓய்வூதியக்காரர் பின்னணியில் நிற்கும் கூட்டம் மாத்திரமே. வெளிநாட்டிலிருந்து வந்தவன், பெயரை மாற்றியவன், ஆசை மிக்கவன், ஆகவே மோசடி செய்தான் என்பது லண்டன் வாசகருக்குப் பழகிய பாதை. 1875 இல் நூலாக வெளிவந்த அன்ரனி ட்ரொலப்பின் 'த வே வீ லிவ் நவ்' நாவலிலேயே இப்பாதை போடப்பட்டுவிட்டது. அதில் வரும் மெல்மொட் எங்கிருந்தோ வந்து ரயில்பாதைப் பங்குகளால் நகரை மயக்குபவன். ஆயினும் ட்ரொலப் நேர்மையானவர். மெல்மொட்டின் விருந்துக்கு முண்டியடித்துக்கொண்டு ஓடும் பிரபுக்களையும், புகழுரைக்கு இரங்கும் பத்திரிகை ஆசிரியர்களையும் அவர் தப்பவிடவில்லை. 2001 இல் வெளியான அரச விசாரணை அறிக்கை ட்ரொலப்பின் பக்கமே நிற்கின்றது. முதற் பொறுப்பு மக்ஸ்வெலுடையதே எனக் கண்ட அவ்வறிக்கை, கணக்காய்வு செய்த கூப்பர்ஸ் நிறுவனத்தையும் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியையும் குறை கூறியது. அவர்களுள் எவரும் அகதியாகப் படகில் வந்தவர் அல்லர்.

ஆர்ச்சரின் சொந்தக் கதைக்கு எந்த நாவலும் ஈடாகாது. கனடியக் கம்பெனியொன்றில் முதலிட்டுப் பெரும் பணத்தை இழந்து, 1974 இல் பாராளுமன்றத்தை விட்டு விலகி, கடனைத் தீர்ப்பதற்காகவே நாவல் எழுதத் தொடங்கியவர் அவர். பின்னர் பழமைவாதக் கட்சியின் துணைத் தலைவரானார். பாலியல் தொழிலாளியொருவருடன் அவரைத் தொடர்புபடுத்திச் செய்தி வெளியிட்ட 'டெய்லி ஸ்ரார்' பத்திரிகை மீது வழக்கிட்டு 1987 இல் 500,000 பவுண் பெற்றார். அப்பத்திரிகையின் ஆசிரியர் லொயிட் ரேணர் பதவியிழந்தார். 1999 இல் ஆர்ச்சர் லண்டன் மேயர் பதவிக்குத் தமது கட்சி வேட்பாளராக நின்றபோது, அவ்வழக்கிற்காகப் பொய்ச் சாட்சியம் தயாரிக்கப்பட்ட கதை வெளிவந்தது. 2001 இல் பொய்ச் சத்தியத்துக்காகவும் நீதியின் போக்கைத் திரித்தமைக்காகவும் அவருக்கு நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பணம் பத்திரிகைக்குத் திரும்பிற்று. ரேணர் அதற்குள் இறந்துவிட்டார். பத்திரிகை உலகைப் பற்றிய அந்நாவலை எழுதிய 1996 இல், தாம் ஒரு பத்திரிகையைப் பொய்யினால் வென்றவர் என்பதை அந்த ஆசிரியர் அறிந்தே இருந்தார்.

இவற்றைவிட நாம் மதிப்பது மைக்கல் டொப்ஸின் 'ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்' நாவலையே. 1989 இல் வந்த இதனை எழுதியவர் பழமைவாதக் கட்சித் தலைமையகத்தின் உள்வீட்டுப் பிள்ளை. கதையில் ஆளுங்கட்சிக் கொறடா ஏர்குவர்ட், பிரதமரின் சகோதரர் பெயரில் பொய்க் கணக்கொன்றைத் திறந்து, அரசின் முடிவை முன்கூட்டியே அறிந்தவர் போல மருந்துக் கம்பெனியொன்றின் பங்குகளை வாங்கிவிட்டு, அதனைத் தாமே பத்திரிகைகளுக்குக் கசியவிடுகின்றார். பிரதமர் வீழ்கின்றார். மற்றி ஸ்ரோறின் என்ற இளம் பெண் நிருபர் உண்மையை அணுக அணுக, அவரது பத்திரிகையே அவருக்குத் தடையாகின்றது. அதன் உரிமையாளர் புதிய பிரதமரை உருவாக்கும் வேலையில் பங்காளி. துப்பாக்கியுமில்லை, தணிக்கையாளருமில்லை, கட்டுரை அச்சேறவில்லை, அவ்வளவே. பி.பி.சி. இதன் தொலைக்காட்சி வடிவத்தை 1990 நவம்பர் 18 ஆம் திகதி தொடங்கியது. நான்கு நாட்களின் பின் மார்கிரட் தச்சர் பதவி விலகுவதாக அறிவித்தார். அந்த வாரத்தில் செய்தி எது, நாடகம் எது என லண்டன்வாசிகள் தடுமாறியிருந்தால் வியப்பதற்கில்லை.

எமது நாட்டில் இத்தகைய நாவல்கள் ஏன் தோன்றவில்லை என நண்பர்கள் வினவுவதுண்டு. மிக்-27 விமானக் கொள்வனவில் நடந்தவற்றை வெளியிட்ட 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க மீதும் மானநட்ட வழக்கு இருந்தது. வழக்கு முடியும்வரை எவரும் காத்திருக்கவில்லை. 2009 ஜனவரி 8 ஆம் திகதி அலுவலகம் செல்லும் வழியில் அவர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் தமது வீட்டிலேயே சுடப்பட்டார். அங்கே நாவலாசிரியர் கற்பனை செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை.

லண்டனில் சட்டம் ஓரளவு மாறியுள்ளது. 2013 ஆம் ஆண்டின் மானநட்டச் சட்டப்படி வழக்காளி தமக்குப் பாரதூரமான தீங்கு நேர்ந்ததைக் காட்ட வேண்டும். பொதுநலன் கருதி வெளியிட்டோருக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு. செலவு மட்டும் குறையவில்லை. நூல்களை நாடுவோர் முதலில் டொப்ஸை எடுக்கலாம். 1989 ஆம் ஆண்டுப் பதிப்பாக இருத்தல் நன்று. 2014 இல் ஆசிரியர் அதனைத் தொலைக்காட்சி வடிவத்துக்கு இசைய மாற்றியெழுதினார். தொலைக்காட்சியில் கூரையிலிருந்து வீழ்பவர் நிருபர். பழைய நூலில் வீழ்பவர் ஏர்குவர்ட்.