எந்தக் கணக்குப் புத்தகம்?

"அம்மா, முப்பத்திரண்டும் பத்தொன்பதும் நானூத்திப் பதினொண்ணு!"

அடுக்களையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டைப் பார்த்தேன். மூணும் ஒண்ணும் நாலு. ரெண்டும் ஒம்பதும் பதினொண்ணு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி 411 என்று போட்டிருந்தாள் என் ஏழு வயது மகள். "சரியாத்தானேம்மா போட்டிருக்கேன்?" என்று என் முகத்தையே பார்க்கிறாள். அந்தப் புத்தகத்தில் அதற்கு முன் நாற்பது பக்கக் கூட்டல் அவள் முடித்திருந்தாள். நாற்பது பக்கத்துக்கும் நட்சத்திரம் போட்டுக் கொடுத்தவள் நான்! சிரிப்பு அத்தோடு நின்றுபோயிற்று.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சொன்னால், "ஏன், உங்க வீட்டுக்காரர் வாத்தியாரா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. நானும் பத்தாவது வரை படித்தவள்தான். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது பெரியவன் முதல் வகுப்பு. ஒன்றரை வருஷம் கைபேசியில் வகுப்பு. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகளைத் திறந்ததும் அனுப்பினோம். வகுப்பில் வாயே திறக்கவில்லை. ராத்திரியில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனை நிறுத்திவிட்டோம். சின்னவளைச் சேர்க்கவே இல்லை.

தமிழ், ஆங்கிலம் எல்லாம் எப்படியோ ஓடிற்று. கதைப் புத்தகம் இருக்கிறது, அப்பா செய்தித்தாள் வாசிக்கிறார். கணக்குத்தான் என்னைப் பயமுறுத்திற்று. பத்தாவதில் கணக்கில் நான் எடுத்தது முப்பத்தெட்டு மார்க்கு. கல்யாணம் வரை, "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லியே காலத்தைத் தள்ளினவள்.

அந்தப் பயம்தான் என்னைக் கடைகடையாக ஏற வைத்தது. ஒரே வருஷத்தில் நான்கு விதமான கணக்குப் புத்தகம்! ஒன்றில் கழித்தலைக் கடன் வாங்கிப் போடச் சொல்வான். அடுத்ததில் எண்கோட்டில் தாவித் தாவிப் போடச் சொல்வான். ஒன்று முதலிலேயே பெருக்கலைத் தொட்டுவிடும். இன்னொன்று அடுத்த வகுப்புக்குத் தள்ளி வைக்கும். எந்தப் புத்தகத்தையும் பாதிக்கு மேல் முடிக்கவில்லை. இரண்டு புத்தகத்துக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் குழந்தை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. 411 வந்த அன்று சாயங்காலம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "விடும்மா, எனக்குக் கணக்கு வராது."

என் வாய் வார்த்தை! சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொண்டிருந்தாள். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "சித்திரை வரைக்கும் பார்ப்போம். சரிப்படலேன்னா ரெண்டு பேரையும் மறுபடி பள்ளிக்கூடத்திலே சேர்த்துடலாம்" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது.

மறுநாள் அந்த நாற்பது நட்சத்திரப் பக்கங்களையும் புரட்டினேன். 23-ம் 14-ம், 51-ம் 36-ம், 42-ம் 25-ம்... ஒரு கணக்கில்கூட ஒன்றாம் இடத்தில் பத்தைத் தாண்டவே இல்லை. அப்படியானால் குழந்தைக்கு 23 என்பது இரண்டு பத்தும் மூன்றும் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கணக்கு, அவ்வளவுதான். நாற்பத்தோராம் பக்கத்தில் திடீரென்று ஒரு கட்டம் கட்டி, 'மீதி ஒன்றை மேலே எழுது' என்று கட்டளை. ஏன் மேலே, அந்த ஒன்று என்ன ஒன்று, ஒரு வார்த்தை இல்லை. குழந்தையைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கழித்தலையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 42-ல் 17 போனால் 35 என்றாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். பெரியதிலிருந்துதானே சின்னதைக் கழிக்க வேண்டும்!

ஆகவே சகோதரிகளே, கடையில் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையைப் பார்க்காதீர்கள், முதல் பக்கத்தையும் பார்க்காதீர்கள். பத்தைத் தாண்டும் கூட்டல் முதன்முதலாக வரும் பக்கத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே பத்துக் குச்சியைக் கட்டாகக் கட்டிக் காட்டியிருக்கிறதா, அல்லது வெறும் விதிதானா? அடுத்து 305 மாதிரி நடுவில் சைபர் வரும் எண்ணை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது என்று பாருங்கள். அப்புறம் வாக்கியக் கணக்கு. 'கூட்டல்' என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் பத்துக் கணக்கும் கூட்டலாகவே இருந்தால் எந்தக் குழந்தையும் வாசிக்காது. இரண்டு எண்ணைப் பொறுக்கி எடுத்துக் கூட்டிவிட்டு விளையாடப் போய்விடும். என் பெரியவன் அதில் கில்லாடி!

எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்கிறேன். புத்தகம் எல்லாவற்றையும் ஒரு மாதத்துக்குப் பரணில் ஏற்றினேன். தென்னை விளக்குமாறு ஒன்றைப் பிரித்து ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டோம். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு காப்பி டப்பா, அது நூறு. மாண்டிசோரி முறையில் இதையே மணிகளில் செய்கிறார்கள்: ஒற்றை மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம். அந்த அம்மையார் மரியா மாண்டிசோரி 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்தச் சாமான்களின் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. விளக்குமாற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை, வீடு பெருக்கத்தான் இரண்டு நாள் திண்டாட்டமாகப் போயிற்று.

குச்சியில் 32 எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று கட்டு, இரண்டு குச்சி. பக்கத்தில் 19, ஒரு கட்டு, ஒன்பது குச்சி. சேர்த்தாள். உதிரிக் குச்சி பதினொன்றைப் பார்த்ததும் நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே பத்தை எடுத்து வளையம் போட்டாள். ஐந்து கட்டு, ஒரு குச்சி. "அய்யே! நானூத்திப் பதினொண்ணா போட்டேன்? அவ்வளவு குச்சி நம்ம வீட்டிலேயே இல்லியேம்மா!" என்று அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

எண்களின் பெயர் விஷயத்தில் இன்னொன்று கண்டுபிடித்தேன். கணக்கைத் தமிழில் ஆரம்பித்தது நல்லதாயிற்று. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கிறது. இங்கிலீஷ் 'லெவன்', 'ட்வெல்வ்'வில் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆனால் தமிழிலும் ஒரு குழி உண்டு. 'தொண்ணூறு' எழுதச் சொன்னால் சின்னவள் 900 என்று எழுதினாள். எண்ணூறு 800 என்றால் தொண்ணூறு 900 தானே? அவள் நியாயம் அவளுக்கு! எண்பதுக்கு அடுத்தது நூறு என்று முடிகிறது, எண்ணூறுக்கு அடுத்ததோ தொள்ளாயிரம். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நூறு பாசிமணியைப் பத்து சிவப்பு, பத்து வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோர்த்துச் சுவரில் கட்டினோம். தொண்ணூறைத் தினம் விரலால் தொட்டுத் தொட்டு அது நேராயிற்று.

மாதம் முடிந்ததும் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். இந்தத் தடவை பயம் போய்க் கொஞ்சம் பார்க்கத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த புத்தகம் ஒன்று. அந்த ஊர் அரசாங்கம் 1982-லிருந்து தொடக்கப் பள்ளிக்கென்று வெளியிட்ட பாடமுறை; இன்று பல நாடுகளில் வீட்டில் படிக்க வைப்பவர்கள் தேடிப் போவது. முதலில் பொருள், அடுத்துப் படம், கடைசியில்தான் எண் என்று போகிறது. வாக்கியக் கணக்குக்கு நீளக் கட்டை போட்டுக் காட்டுகிறார்கள். 'கண்ணனிடம் 35 ரூபாய். மீனாவிடம் அவனைவிட 12 ரூபாய் குறைவு. இருவரிடமும் சேர்த்து எவ்வளவு?' இதைக் கொடுத்தால் 'குறைவு' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பெரியவன் 23 என்று எழுதிவிட்டு எழுந்து போவான். கண்ணனுக்கு ஒரு நீளக் கட்டை, கீழே மீனாவுக்குச் சற்றுக் குட்டையாக ஒன்று என்று வரையச் சொன்ன பிறகு, "ஓ, ரெண்டையும் சேர்க்கணுமா!" என்று 58 போட்டான். அருமையான முறை. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் பாடப் புத்தகம், எழுதிக் கிழிக்கும் புத்தகம் என்று வாங்கி மாளாது; கணக்கெல்லாம் டாலரும் சென்ட்டும். கட்டை வரைவதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என்.சி.இ.ஆர்.டி.யின் 'மேத் மேஜிக்' 2006-லிருந்து வந்த வரிசை. (2023-லிருந்து அதை வகுப்பு வாரியாக மாற்றிப் புதிய புத்தகங்கள் போட்டார்கள்.) நாலாம் வகுப்பில் முதல் பாடமே செங்கல் அடுக்குவது, ஐந்தாம் வகுப்பில் மீனும் படகும். வாசித்தால் கதை மாதிரி இருக்கிறது. யோசிக்காமல் ஒரு கணக்கும் போட முடியாது. பெரியவனுக்குப் பிடித்துவிட்டது. குறை என்னவென்றால் பயிற்சிக் கணக்கு போதாது. பத்துத் தடவை போட்டால்தான் கை பழகும் என்கிற பிள்ளைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

நம் தமிழ்நாட்டுப் பாடநூலை நான் கடைசியாகத்தான் திறந்தேன். இலவசமாகக் கிடைப்பதில் என்ன இருக்கப் போகிறது என்கிற அலட்சியம், வேறென்ன? 2018-ல் முதல் வகுப்பில் ஆரம்பித்துப் புதிதாக எழுதிய புத்தகங்கள் அவை. பருவத்துக்கு ஒன்றாகப் பிரித்திருப்பதால் மெல்லிசு. குழந்தை ஒரு புத்தகத்தை முடித்தேன் என்று சந்தோஷப்பட முடிகிறது. பத்துக் கட்டுப் படம் இருக்கிறது. தமிழில் இருக்கிறது, அதனால் என்னாலும் தட்டுத் தடுமாறாமல் சொல்லிக் கொடுக்க முடிகிறது. நாளைக்கே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நேர்ந்தாலும் அங்கேயும் இதே பாடம். இதையே முதுகெலும்பாக வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் மேத் மேஜிக். கடைகளில் மினுக்குகிற வேகப் பயிற்சித் தாள்களைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அவை கடிகாரத்தைப் பார்க்கத்தான் சொல்லிக் கொடுக்கின்றன.

எந்த வகுப்புப் புத்தகம் என்பதிலும் நான் ஏமாந்தவள். "எங்க வீட்டுப் பொண்ணு மூணாங்கிளாஸ் கணக்குப் போடறா" என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில் ஒரு வகுப்பு மேலே வாங்கினேன். இப்போது செய்வது வேறு. கீழ் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பயிற்சியிலிருந்து பத்துக் கணக்குக் கொடுப்பேன். எட்டாவது சரியாக வரவேண்டும். அதோடு ஏன் அப்படி என்று வாயால் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புத்தகமேதான். ஒன்பது வயதுப் பெரியவன் பின்னத்தில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்கினான். பதினாறாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பவனுக்கு, காலும் அரைக்காலும் எது பெரிது என்று தெரியவில்லை! எட்டு நாலைவிடப் பெரிசாம், அதனால் எட்டில் ஒன்றுதான் பெரிசாம்.

இந்த இடத்தில்தான் என் மாமியார் உள்ளே வந்தார். "பள்ளிக்கூடம் இல்லாம புள்ளைங்க உருப்படுமா?" என்று இரண்டு வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அவன் தப்பாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து பழைய பித்தளைப் படியையும் ஆழாக்கையும் உழக்கையும் கொண்டுவந்து அரிசிப் பானையின் முன் உட்கார்ந்தார்.

"அளடா இங்கே. ஆழாக்கு எத்தனை போட்டா உழக்கு ரொம்புது?"

"ரெண்டு அப்பாயி."

"உழக்கு எத்தனை போட்டா படி?"

"நாலு."

"அப்போ படியிலே ஆழாக்கு எத்தனை?"

அவன் அளக்கவே இல்லை. "எட்டு" என்றான். "எட்டுப் பங்கு போட்டா ஒரு பங்கு சின்னதாத்தானே ஆகும்!" என்றான் அடுத்த மூச்சில். எட்டில் ஒன்று அரைக்கால், அதில் பாதி மாகாணி, பதினாறில் ஒன்று என்று அவர் அப்பா திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். மூன்று வாரம் பின்னப் பாடம் அப்பாயி பொறுப்பு. எங்கள் வீட்டுத் தரையில் அரிசி பொறுக்கியதுதான் என் பங்கு. என்னோடு இப்போதும் அளந்துதான் பேசுகிறார், ஆனால் சாயங்காலம் நாலு மணியானால், "பாடம் இல்லியா இன்னிக்கு?" என்று அவரே கேட்கிறார்.

தேர்வு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். வீட்டுக் கல்விக்கென்று தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குச் சமமாக மூன்று நிலைகள் இருக்கின்றன. பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்பும் அங்கேயே எழுதலாம். அதற்கும் நம் பாடநூலை முடித்த பிள்ளை திண்டாடாது என்பது என் எண்ணம்.

சித்திரை வந்தது. இவர் இரண்டு பேரையும் உட்கார வைத்து மளிகைக் கடைச் சீட்டு ஒன்றைக் கொடுத்துக் கூட்டச் சொன்னார். சின்னவள் ஒரு இடத்தில் தப்புப் போட்டாள். ஆனால் தானே, "இவ்வளவு வராதே" என்று திரும்பிப் போட்டாள். இவர் ஒன்றும் பேசவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பேச்சு அப்புறம் எழவில்லை.

இப்போது அவளுக்கு நீள் வகுத்தல் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மறுபடி குச்சிகளை இறக்கினேன். எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு ஏழு குறைகிறது. பெரியவன் பட்டம் கட்ட எடுத்துவிட்டானாம். விளக்குமாறு இன்னொன்று வாங்க வேண்டும்.