திரும்பிப் பாயும் ஆறு

ஆறு மலையிலே பிறந்து கடலிலே கலக்கிறது என்று கீழ்வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால், கலக்க வரும் ஆற்றைக் கடல் நாள்தோறும் இருமுறை வந்த வழியே திருப்பி அனுப்பும் விந்தையைப் பாடப்புத்தகத்தில் வாசித்தால் மட்டும் போதாது. கரையில் நடந்தே காணல் வேண்டும். அதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் தேம்ஸ் நதி.

இலண்டனுக்கு மேற்கே ரெடிங்ரன் என்னுமிடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை உண்டு. கடலின் வற்றும் பெருக்கும் அந்த அணைவரையே செல்கின்றன. அங்கிருந்து றிச்மண்ட் பாலம்வரை ஏறத்தாழ மூன்று மைல் தூரத்திற்கு ஆற்றோரமாக ஒரு நடைபாதை செல்கிறது. குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்துச் சென்ற காலத்துப் பாதை அது. ஓராண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், தமக்கையார் மகன் துணைவர, அதிகாலையில் அவ்வழியே நடக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அம்மாதத்தில் அங்கே கதிரவன் ஐந்து மணிக்கு முன்னரே எழுந்துவிடுகிறான். ஊர் உறங்கிக்கொண்டிருக்க, வெயில் மட்டும் விழித்திருக்கும்.

அணையில் விழும் நீரின் இரைச்சல் பின்னே மெல்ல ஓய்ந்தது. சிறிது தொலைவிலே ஒரு கற்றூண் நிற்கிறது. கடலோடு தொடர்புடைய கீழாற்றுக்கு ஓர் அதிகார சபை, மேலாற்றுக்கு வேறொரு சபை என எல்லை குறித்து 1909இல் நாட்டப்பட்ட தூண் அது. அப்பால் இருமருங்கும் வில்லோ மரங்கள் நீரைத் தொட்டு நின்றன. கரையோரச் சேற்றில் மஞ்சள் நிறப் பூக்கள். ஆழமற்ற நீரில் அசையாத நாரை. குஞ்சுகள் பின்தொடர நீந்தும் அன்னப் பேடு. 1610இல் கட்டப்பட்ட ஹாம் மாளிகை மரங்களுக்கிடையே தோன்றிற்று.

"மாமா, அந்தக் கொப்பு திரும்பி வருது பாருங்கோ!" என்றான் பையன். சற்று முன் எங்களோடு கீழ்நோக்கி மிதந்துவந்த மரக்கொப்பு முதலில் தயங்கிற்று, பின் நின்றது, பின் மெல்ல அணையை நோக்கிப் புறப்பட்டது. பெருக்கு வந்துவிட்டது.

அங்கே ஏறிவருவது உப்புநீரன்று. கீழே கடல் உயர, வெளியேற வழியின்றி ஆற்றின் நன்னீரே பின்வாங்குகிறது. இலண்டன் பாலத்தருகே, பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில், வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றர் வேறுபடும். அங்கே பெருக்கு உச்சமடைந்து சுமார் ஒரு மணி நேரத்தின் பின்னரே றிச்மண்டில் உச்சமடையும். ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்வதால், இன்று கண்ட நேரத்தில் நாளை காணமுடியாது. ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். நம் நாட்டுக் கரைகளிலோ இவ்வேறுபாடு ஒரு மீற்றரை எட்டுவதில்லை. நாம் இதனைப் பெரிதாக உணராமைக்குக் காரணம் அதுவே.

றிச்மண்ட் பாலத்திற்குச் சற்றுக் கீழே, 1894இல் திறக்கப்பட்ட கதவணை ஒன்றுண்டு. பழைய இலண்டன் பாலத்தின் நெருங்கிய தூண்கள் ஒருவகை அணைபோல் நின்று வற்று நீரைத் தாமதப்படுத்தின. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டுப் பழையது அகற்றப்பட்டதும், வற்று வேளையில் றிச்மண்ட் பகுதி சேறாகிப்போயிற்று. அக்குறையைத் தீர்க்க எழுந்ததே இக்கதவணை. பெருக்கின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கதவுகள் உயர்த்தப்படும். ஏனைய நேரத்தில் தாழ்த்தப்பட்டு நீரைத் தேக்கும். நமது தொண்டைமானாற்றுக் கதவணையை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. அங்கே கதவுகள் வடமராட்சி நீரேரிக்குள் உவர்நீர் புகாது தடுக்கின்றன. மழைக்காலத்தில் மிகைநீரை வெளியேற்றுகின்றன. கருவி ஒன்றே, தேவைதான் வேறு.

திரும்பிப் பாயும் ஆற்றுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதனிடம் எறிந்த அழுக்கை அது ஒரேயடியாகக் கொண்டுபோவதில்லை. வற்றோடு சென்றது பெருக்கோடு வாசலுக்கு வந்துவிடும். இலண்டன் மாநகர் இதனை 1858ஆம் ஆண்டுக் கோடையில் நன்கு உணர்ந்தது. ஆற்றின் நாற்றம் பாராளுமன்றக் கட்டிடத்துக்குள்ளும் புகுந்தது. அதன் பின்னரே பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் அமைத்த பாதாளக் கழிவுக் கால்வாய்கள் எழுந்தன. எனினும் அழுக்கு நகரின் கிழக்கே தள்ளப்பட்டதேயன்றித் தூய்மையாக்கப்படவில்லை. 1957இல், இலண்டனை அண்டிய பகுதியில் தேம்ஸ் உயிரற்ற ஆறாகிவிட்டது என்று இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தார் அறிவித்தனர்.

இறந்த ஆறு மீண்டது எவ்வாறு? மந்திரத்தாலன்று. கழிவுநீரைச் சுத்திகரித்த பின்னரே ஆற்றில் விடுவதற்கான நிலையங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1974இல் சமன் மீன் ஒன்று கிடைத்தபோது நாடே வியந்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட மீனினங்கள் கீழாற்றில் அறியப்பட்டுள்ளன, கடல்நாய்களும் வருகின்றன. அவ்வளவுடன் பணி முடிந்ததா? இல்லை. மழைக்காலத்தில் நிரம்பி வழியும் கழிவுநீரைத் தடுக்க 25 கிலோமீற்றர் நீளச் சுரங்கக் கால்வாய் ஒன்றை அமைத்து, 2025இலேதான் முற்றாக இணைத்தனர். ஓர் ஆற்றைக் கெடுப்பது எளிது. மீட்பது தலைமுறைகளின் வேலை.

மாணவர்கள் இங்கே ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். தேம்ஸ் நதியில் ஏழு மீற்றர் ஏறி இறங்கும் பெருக்கு, மெதுவாகவேனும், அழுக்கைக் கடலுக்கு ஒதுக்குகிறது. யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் அத்தகைய துணை இல்லை. கடல் அங்கே மெல்லவே மூச்சுவிடுகிறது, வாயில்களும் ஒடுங்கியவை. நாம் இடும் பொலித்தீனும் கழிவெண்ணெயும் போவதற்கு வழியின்றி அங்கேயே தங்கும். பெரிய பெருக்குடைய நாடே தன் ஆற்றை மீட்க இத்தனை காலம் பாடுபட்டதென்றால், சிறிய பெருக்குடைய நாம் கெடுக்காதிருப்பதே அறிவுடைமை.