பாலைவனத்தில் சிறு டிரெய்லர்: அப்பா அம்மாவுடன் கிளம்பும் முன்

தெற்குக் கலிபோர்னியாவில் வாழும் நமக்குப் பாலைவனம் பக்கத்து ஊர் மாதிரி. ஜோஷுவா ட்ரீ, ஆன்ஸா-பொரேகோ, டெத் வேலி மூன்றும் ஒரு வார இறுதியில், அல்லது ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்தால், போய் வரக்கூடிய தூரம். அண்மைக் காலமாக நம்மவர்கள் பலர் 15, 17 அடி நீளமுள்ள சிறு டிரெய்லர்களை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ காரின் பின்னால் இழுத்துச் செல்கிறார்கள். கூடாரத்தில் தரையில் படுக்க முடியாத அப்பா அம்மாவுக்கு இதில் கட்டில் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. இரவில் ரசம் சாதம் வைத்துச் சாப்பிடலாம். ஊரிலிருந்து வரும் பெற்றோரை வீட்டிலேயே அடைத்து வைக்காமல் வெளியே அழைத்துப் போக இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். டிரெய்லர் இல்லாவிட்டால் பாலைவனப் பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்ற வயதில் இருப்பவர்களைத்தான் நாம் இப்போது அங்கே அழைத்துப் போகிறோம். இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் என்று ஏதாவது ஒன்றுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அவர்கள். ஆகவே வண்டியின் டயரைப் பார்ப்பது போலவே அவர்கள் உடம்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புவோம்.

"கத்திரி வெயிலையே பார்த்தவங்க நாங்க!"

இது எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம். சென்னை வெயிலில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை உலராமல் சட்டை நனைந்து ஒட்டும். உடனே தண்ணீர் கேட்போம். பாலைவனத்தில் காற்று மிகவும் வறண்டிருப்பதால் வியர்வை வந்த வேகத்தில் ஆவியாகிவிடும். சட்டை நனையாது, நெற்றியில் துளி தெரியாது, "இங்கே வெயில் தெரியவே இல்லை, வியர்க்கவே இல்லையே" என்பார்கள். உண்மையில் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். வயதானவர்களுக்குத் தாக உணர்வும் மந்தமாக இருக்கும். ஊரில் வெயில் கொடுத்த எச்சரிக்கை எதுவுமே இங்கே கிடைப்பதில்லை.

பருவமும் முக்கியம். பெற்றோர் வருவதும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் ஜூன், ஜூலையில்தான். ஆனால் பாலைவனத்துக்கு உகந்த காலம் அக்டோபர் இறுதியிலிருந்து மார்ச் வரை. டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக்கில் 1913 ஜூலை 10 அன்று பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்தான் உலகின் அதிகபட்ச வெப்பநிலையாக இன்றும் ஏட்டில் இருக்கிறது. ஏப்ரலிலேயே அங்கே பகல் 90 டிகிரியைத் தொட்டுவிடும். கோடையில் பெற்றோர் வந்தால் அதே டிரெய்லரைக் கடற்கரைக்கோ மலைக்கோ இழுத்துச் செல்லுங்கள்.

தண்ணீர்: எவ்வளவு, எங்கே?

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது சுமார் 4 லிட்டர் என்று பூங்காக்கள் சொல்கின்றன. நடந்து சுற்றினால் இன்னும் அதிகம். நான்கு பேர், மூன்று நாள் என்றால் குடிக்க மட்டுமே 12 கேலன், சுமார் 100 பவுண்டு எடை. சிறு டிரெய்லர்களின் தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 20, 30 கேலன்தான். சமையலும் கழுவலும் அதிலேயே நடக்க வேண்டும். எனவே குடிநீரைத் தனிக் கேன்களில் எடுத்துச் செல்வதே எங்கள் வழக்கம்.

போகும் இடத்தில் நிரப்பிக் கொள்ளலாம் என்று நம்பிவிடாதீர்கள். ஜோஷுவா ட்ரீ பூங்காவின் முகாம்களில் பிளாக் ராக், காட்டன்வுட் இரண்டில்தான் குழாய்த் தண்ணீர் உண்டு. டிரெய்லருக்கு மின் இணைப்பு எந்த முகாமிலும் இல்லை. ஆன்ஸா-பொரேகோவின் பொரேகோ பாம் கேன்யன் முகாமில் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்றுக்கும் இணைப்புள்ள இடங்கள் இருக்கின்றன. ஃபர்னஸ் க்ரீக்கிலும் சில இடங்களுக்கு உண்டு. முதல் முறை பெரியவர்களோடு போகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தை முன்பதிவு செய்வது நல்லது.

வண்டியில் நெடுநாள் கிடந்த தொட்டித் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வாசனையில்லாத ப்ளீச் என்ற கணக்கில் கலந்து தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, வாடை போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

இன்னொரு சங்கதி, யாரும் வெளியே சொல்லாதது. டிரெய்லரில் கழிப்பறை கட்டிலை ஒட்டியே இருக்கும். மருமகனோ மருமகளோ பக்கத்தில் படுத்திருக்க, இரவில் எழுந்து போகக் கூச்சப்பட்டு அம்மாக்கள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக் கொள்வார்கள். கழுவுவதற்குத் தண்ணீர் செலவாகிறதே என்ற தயக்கமும் சேரும். இதை நாமாகவே முன்கூட்டிப் பேசிவிட வேண்டும். கழிப்பறையில் ஒரு குவளை வையுங்கள். "அம்மா, தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம், கழிவுத் தொட்டிக்கும் தண்ணீர் போவது நல்லதுதான்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பகலில் அவர்கள் எத்தனை முறை சிறுநீர் கழிக்கப் போகிறார்கள் என்று கவனியுங்கள். காலையிலிருந்து மதியம் வரை போகவே இல்லை என்றால் உடம்பில் நீர் குறைகிறது என்று பொருள்.

வெறும் தண்ணீரையே குடித்துக் கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்துவிடும். உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஊறுகாயுடன் தயிர் சாதம் எல்லாமே நல்ல பாலைவன உணவு. மருந்துக்கடை உப்புக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கலாம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் நீருக்கும் உப்புக்கும் தங்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொள்ளவும்.

மருந்துகள்

இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் வகை. சர்க்கரைக்கான சில புதிய மாத்திரைகளும் அப்படியே. சளிக்கும் அரிப்புக்கும் போடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பட்டியலை எடுத்துக் கொண்டு கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டி, வெயிலில் போவதைச் சொல்லுங்கள்.

இன்சுலினைக் காரின் டாஷ்போர்டில் வைக்கக் கூடாது. திறக்காத இன்சுலின் 36 முதல் 46 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பொதுவாக 86 டிகிரியைத் தாண்டக் கூடாது. பல டிரெய்லர்களில் இருப்பது கேஸில் ஓடும் குளிர்பெட்டி. வண்டி சமதளமாக நிற்காவிட்டால் அது சரியாகக் குளிராது. கடும் வெயிலிலும் திணறும். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்தும் விடலாம், உறைந்த இன்சுலின் பயன்படாது. குளிர்பெட்டிக்குள் ஒரு சிறு வெப்பமானியை வைத்து விடுங்கள்.

இரவுக் குளிரும் அடைத்த அறையும்

குளிர்காலத்தில் ஜோஷுவா ட்ரீயில் பகலில் இதமாக இருந்துவிட்டு இரவில் தண்ணீர் உறையும் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது உயிருக்கே ஆபத்து. அணையும் கரி அடுப்பையும் உள்ளே கொண்டு வராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. தோசை வார்க்கும்போதுகூட விசிறியைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல் என்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் எல்லோரையும் வெளியே கொண்டு வாருங்கள்.

தூசும் எலியும்

தென்மேற்கு அமெரிக்க மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, தூசோடு நுரையீரலுக்குள் போய் 'வேலி ஃபீவர்' என்ற நோயைத் தரும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே இருமல், காய்ச்சல், கடும் அசதி தொடங்கும். சர்க்கரை நோயாளிகளையும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களையும் இது அதிகம் படுத்தும். அதற்குள் அப்பா அம்மா ஊர் திரும்பியிருக்கலாம். அங்குள்ள மருத்துவர் நிமோனியா, காசநோய் என்றுதான் முதலில் நினைப்பார். "அமெரிக்கப் பாலைவனத்தில் தங்கினோம்" என்று அவரிடம் சொல்ல நினைவூட்டுங்கள்.

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த டிரெய்லரில் எலிப் புழுக்கை கண்டால் பெருக்காதீர்கள். அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். ஹன்டா வைரஸ் அந்தத் தூசில்தான் பரவுகிறது.

ஆபத்தின் அறிகுறிகள்

தலைவலி, கால் பிடிப்பு, வாந்தி, தளர்ச்சி வந்தால் நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரைசல் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெப்ப மயக்கம் என்னும் அவசர நிலை. உடனே 911. உதவி வரும் வரை ஈரத் துணியால் போர்த்தி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. சேர்ந்தவுடன் ரேஞ்சர் நிலையம் எங்கே, எந்த இடத்தில் சிக்னல் வரும் என்று விசாரித்து வையுங்கள். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் மருந்துப் பட்டியலும் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயணத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். விடியற்காலையில் நடை, பத்து மணிக்குள் நிழல், மதியம் தூக்கம், மாலையில் மறுபடி ஒரு சுற்று. இந்த ஒழுங்கு நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. இருட்டிய பிறகு டிரெய்லர் வாசலில் நாற்காலி போட்டு, சால்வை போர்த்தி, அவர்களோடு நட்சத்திரங்களைப் பாருங்கள். கையில் ஒரு தம்ளர் மோரும் கொடுங்கள்.