ஒரு தோட்டத்து ஓட்டு

"நம்ம ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்று கேட்பவர் லயத்துக்கு ஒருவர் உண்டு.

2022 நவம்பர் 19-இல் நடந்த பொதுத்தேர்தலை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். மொத்தம் 222 இடங்கள். ஆட்சி அமைக்க 112 வேண்டும். பக்காத்தான் ஹராப்பானுக்கு 82, பெரிக்காத்தான் நேஷனலுக்கு 74, தேசிய முன்னணிக்கு 30. எவருக்கும் பெரும்பான்மை இல்லை. நம் நாட்டில் இதுவே முதல் முறை!

மாமன்னர் தலைவர்களை அழைத்துப் பேசினார். மேடையில் மோதிய பக்காத்தானும் தேசிய முன்னணியும் கைகோத்தன. சரவாக், சபா கட்சிகளும் சேர்ந்தன. 24-ஆம் தேதி அன்வார் இப்ராகிம் பிரதமரானார். மறுமாதம் தேசிய முன்னணித் தலைவர் சாஹிட் ஹமிடி துணைப் பிரதமர்களில் ஒருவரானார்.

செம்பனை சூழ்ந்த பாகான் டத்தோவில் சாஹிட் வென்றது 348 ஓட்டில்தான். அவருக்குப் போட்டவர்களில் 175 பேர் எதிராளிக்குப் போட்டிருந்தால் தோற்றிருப்பார். 175 பேர் என்றால் ஒரு தோட்டத்து ஓட்டு!

இனி யாரும் அப்படிக் கேட்டால், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.