பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் அடிப்போர் கவனத்திற்கு: ஹார்டனர் மூச்சைக் கெடுக்கும்

சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும் மார்கழி மாதத்தில் டிராக்டருக்கு உழவு வேலை குறைவு. தை பிறந்ததும் மாட்டுப் பொங்கலன்று மாடுகளோடு டிராக்டரையும் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட வேண்டும். ஆகவே வெளிறிப் போன பானட்டுக்கும் துருப்பிடித்த மட்கார்டுக்கும் பெயிண்ட் அடிக்க இதுவே நல்ல சமயம் என்று பலர் வேலையைத் தொடங்குகிறார்கள். இருபது, முப்பது வருடம் உழைத்த மாஸி பெர்குசனும், உற்பத்தி நின்று போன எச்.எம்.டி. வண்டியும் இன்னும் நம் ஊர்களில் ஓடிக் கொண்டுதான் இருக்கின்றன. தகரத்தைத் துரு தின்றுவிடாமல் காப்பது அவசியமான வேலை. ஆனால் எந்தப் பெயிண்டை வாங்குகிறோம், அதை எப்படி அடிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

கடையில் இரண்டு விதமான பெயிண்ட் கிடைக்கும். ஒன்று, நமக்கு நெடுநாளாகத் தெரிந்த சிந்தெடிக் எனாமல். ஒரே டப்பா, டர்பன்டைன் கலந்து அடிக்கலாம். மற்றொன்று, கார், லாரிப் பட்டறைகளில் பி.யு. பெயிண்ட் என்று சொல்லப்படுவது. பெரிய டப்பாவோடு ஒரு சிறிய டப்பாவும் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தச் சிறிய டப்பாவில் இருப்பதுதான் ஹார்டனர். இரண்டையும் கலந்து அடித்தால் கண்ணாடி போல் பளபளக்கும். டீசல் பட்டாலும் கரையாது. வெயிலில் சீக்கிரம் வெளிறாது. இவ்வளவும் உண்மையே. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கடைக்காரரும் சொல்வார். அதைத் தெளிக்கும்போது கிளம்பும் மூட்டம் நெஞ்சை என்ன செய்யும் என்பதுதான் பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை.

சிறிய டப்பாவில் என்ன இருக்கிறது?

ஹார்டனரில் உள்ள முக்கியமான சரக்கு ஐசோசயனேட் என்ற இரசாயனம். பெயிண்டில் உள்ள பிசினோடு இது பின்னிக் கொண்டு வலை போல இறுகுவதால்தான் பூச்சு அவ்வளவு கெட்டியாகிறது. எனாமலில் கலப்பதற்கென்று விற்கும் ஹார்டனர்களும் பெரும்பாலும் இந்த இனமே.

1984 டிசம்பரில் போபால் நகரில் நள்ளிரவில் கசிந்து ஆயிரக்கணக்கானோர் உயிரைக் குடித்தது மெத்தில் ஐசோசயனேட். டிராக்டர் பெயிண்டில் உள்ளது அதுவல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு இரசாயனம். போபால் வாயுவைப் போல இது தானாக எளிதில் ஆவியாகிப் பரவாது. ஆகவே மூடி வைத்த டப்பாவைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஸ்பிரே கன்னில் ஊற்றிக் கம்ப்ரசர் காற்றால் பீய்ச்சும்போது, தானாகப் பறக்காத பொருளை நாமே பனி போலப் பொடித்துக் காற்றில் கலந்து விடுகிறோம். அந்தத் துளிகள் மூச்சோடு நேரே நுரையீரலுக்குள் போகின்றன.

இதன் கெடுதல் வேலை செய்யும்போதே தெரிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சிலருக்குச் சில வாரங்களில், வேறு சிலருக்குப் பல வருடங்கள் பெயிண்ட் அடித்த பிறகு, உடம்பு இந்தச் சரக்கைப் பகையாக எடுத்துக் கொள்ளத் தொடங்குகிறது. இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சு விடும்போது விசில் சத்தம் ஆகியவை அறிகுறிகள். இவை பகலில் வராமல் அன்று இரவு படுத்த பிறகு வருவதும் உண்டு. அதனால் பனிக்குச் சளி பிடித்தது என்று கஷாயம் குடித்துவிட்டு, மறுநாள் மீண்டும் ஸ்பிரே கன்னை எடுத்துவிடுகிறார்கள். ஒருமுறை உடம்பு பகைத்துக் கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே இழுப்பு வரும். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. அப்படிப்பட்டவர் ஹார்டனர் கலந்த பெயிண்டின் பக்கமே பிறகு போகக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது, ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடித்ததை மறக்காமல் சொல்ல வேண்டும். முடிந்தால் டப்பாவையே எடுத்துப் போய்க் காட்டலாம்.

நெடியை நம்பக் கூடாது

வயலில் மருந்து அடிக்கும்போது நெடி மூக்கில் ஏறினால், காற்று நம் பக்கம் திரும்பிவிட்டது என்று தெரிந்து விலகிக் கொள்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. பெயிண்ட் அடிக்கும்போது மூக்கில் ஏறுவது தின்னரின் நெடி. ஐசோசயனேட்டின் நெடி நமக்குத் தெரிவதற்கு முன்பே அது கெடுதல் செய்யும் அளவைத் தாண்டியிருக்கும்.

துண்டை மூக்கில் கட்டிக் கொள்வதும், கொரோனா காலத்துத் துணி முகமூடியைத் தேடி எடுத்து மாட்டுவதும் வீண். அவை இதைத் தடுக்கா. கரி நிரப்பிய வடிகட்டி உள்ள முகமூடி ஓரளவு தடுக்கும். ஆனால் அந்தக் கரி எப்போது தீர்ந்தது என்று நெடியால் தெரிந்து கொள்ள முடியாது. தீர்ந்த பிறகும் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைத்து அடித்துக் கொண்டிருப்போம். இந்த வேலைக்கு உரியது, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி ஒன்றே. அதற்காகப் பட்டறைக் கம்ப்ரசரின் குழாயை அப்படியே ஹெல்மெட்டுக்குள் செருகிக் கொள்ளும் சாமர்த்தியமும் வேண்டாம். அந்தக் காற்றில் எண்ணெய்ப் புகை வரும். கம்ப்ரசர் பக்கத்தில் டீசல் இன்ஜின் ஓடினால் அதன் நச்சுப் புகையும் வரும். தனி வடிகட்டிகள் வைத்து, மூச்சுக்கென்றே சுத்தம் செய்த காற்றாக அது இருக்க வேண்டும்.

அடித்து முடித்ததும் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பளபளப்பைக் குனிந்து பார்ப்பது பெயிண்டர்களின் பழக்கம். அப்போதுதான் காற்றில் மூட்டம் அதிகம். கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கொஞ்ச நேரம் அது நிற்கும். வெளியே வந்த பிறகே முகமூடியைக் கழற்ற வேண்டும்.

தோலில் பட்டாலும் இந்தப் பகை உண்டாகலாம். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நைட்ரைல் ரப்பர் கையுறை மூன்றும் தேவை. கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

சிறு விவசாயி என்ன செய்யலாம்?

காற்று வரும் முகமூடி வாங்கும் அளவுக்கு நம்மில் யாரும் வருடம் முழுதும் பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. ஆகவே வீட்டில் அடிப்பதானால் ஹார்டனர் இல்லாத எனாமலை பிரஷ்ஷால் அடிப்பதே உத்தமம் என்பது எனது கருத்து. சேற்றில் இறங்கும் வண்டிக்குக் கல்யாணக் காரின் மினுமினுப்பு எதற்கு? வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைத்தால் எனாமலும் சில வருடங்கள் தாங்கும். நிறம் மங்கினால் மீண்டும் ஒரு பூச்சு கொடுக்கச் செலவும் அதிகமில்லை.

பூச்சு நிற்பதும் உதிர்வதும் அடிவேலையைப் பொறுத்தது. கிரீஸ், டீசல் பிசுக்கைச் சோடா கரைத்த வெந்நீரால் போக்கி, நன்றாக உலர விட வேண்டும். துருவையும் பழைய பெயிண்டையும் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது நல்லது. பழைய பெயிண்ட்களில் ஈயம் இருக்கக் கூடும். உலர்ந்த தாளால் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சோடு போகும், முற்றத்தில் விளையாடும் குழந்தைகளின் கையிலும் ஒட்டும். பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர். அதன் மேல் மெல்லியதாக இரண்டு கோட்டிங், இடையே ஒரு நாள் விட்டு. மார்கழிப் பனி இறங்குமுன் பூச்சின் ஈரம் காய, காலை வெயில் ஏறியதும் தொடங்கி நடுப்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். பீடி, அடுப்பு, வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது.

பி.யு. பெயிண்ட்தான் வேண்டும் என்பவர்கள் பட்டறையில் கொடுத்து அடித்துக் கொள்ளலாம். கூலியைப் பேசுவதற்கு முன், அடிக்கும் அறையையும், அடிப்பவர் மாட்டும் முகமூடியையும் பார்க்க வேண்டும். வாயில் துண்டு கட்டிய பையன் அடிக்கிறான் என்றால் வேறு பட்டறைக்குப் போவதே நியாயம். கெடுவது அந்தப் பையனின் நெஞ்சு அல்லவா! வண்டி காயும்வரை பக்கத்தில் நின்று பேசிக் கொண்டிருக்கவும் கூடாது. பெயிண்டரை வீட்டுக்கு வரவழைத்து மாட்டுக் கொட்டகையில் வைத்து அடிப்பதும் வேண்டாம்.

மீந்த ஹார்டனரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரம் பட்டால் இதிலிருந்து கரியமில வாயு கிளம்பும். தண்ணீர் புகுந்த டப்பாவை இறுக மூடி வைத்தால் உப்பி வெடிக்கலாம். தரையில் கொட்டியதை ஈர மணலைப் போட்டு மூடி, வாரி, திறந்த டப்பாவில் வெளியே ஒதுக்குப்புறமாக ஓரிரு நாள் வைத்திருக்க வேண்டும். கலந்து மீந்த பெயிண்ட் சில மணி நேரத்தில் கட்டியாகிவிடும். அதை அடுத்த நாளுக்கு எடுத்து வைப்பதில் பயனில்லை. காலி டப்பாவைக் கழுவித் தவிடு, புண்ணாக்கு வைக்கவோ தண்ணீர் மொள்ளவோ எடுக்காமல், ஓட்டை போட்டு நசுக்கிவிட வேண்டும்.