உங்களுக்குத் தெரியுமா? லைசென்ஸுக்கு எல்.ஐ.சி. பாலிசியும் சான்று!

மாரண்டஹள்ளியில் வீடு, ஓசூர் கம்பெனியில் வேலை. ஓட்டுநர் உரிமத்துக்குத் தர்மபுரி மாவட்டத்தில் மனு போடுவதா, ஓசூரிலா? முன்பு சட்டம் 'நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம்' என்று எல்லை கட்டியிருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த எல்லை மாநில அளவுக்கு விரிந்தது. ஆனால் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருவில் குடியேறி அங்கே மனு போட்டால், கர்நாடக முகவரிக்குச் சான்று வேண்டும். லைசென்ஸ் கையில் வந்துவிட்டாலோ, எந்த மாநிலத்தில் எடுத்ததானாலும் இந்தியா முழுக்கச் செல்லும்!

முகவரி, வயதுச் சான்று என்றாலே ஆதார்தான் நினைவுக்கு வரும். 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 4-ஆவது விதியைப் புரட்டினால் வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இவற்றோடு ஆயுள் காப்பீட்டுப் பாலிசியும் இருக்கிறது. பீரோவில் தூங்கும் அப்பாவின் பாலிசி உதவாது. அது உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

எதுவுமே இல்லையா? தகுந்த காரணம் இருந்தால், நோட்டரி அல்லது மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை உரிமம் வழங்கும் அதிகாரி ஏற்கலாம். 'ஏற்கலாம்' என்றுதான் விதி சொல்கிறது, 'ஏற்க வேண்டும்' என்றல்ல.

வயது? கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு 16. மற்ற பைக், காருக்கு 18. பாலக்கோடு தக்காளி ஏற்றும் லாரிக்கு 20.